கடல்கொண்ட மனையும் கணக்கில் வாரா நிலமும்

கடல்கோள் பற்றிய செய்திகள் நம் பழைய நூல்களில் ஆங்காங்கே காணப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினம் கடல்வாய்ப்பட்ட செய்தியை இந்திர விழா தவறியதனோடு இயைத்து மணிமேகலை கூறும். கபாடபுரம் கடல்கொள்ளப்பட்டதை இறையனார் களவியலுரை கூறும். சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லாரோ, பாண்டியன் தான் இழந்த நாட்டிற்கு ஈடாகச் சோழநாட்டு எல்லையில் முத்தூர்க் கூற்றத்தையும் சேரநாட்டில் குண்டூர்க் கூற்றத்தையும் பெற்று ஆண்ட செய்தியையும் தருகின்றார். அரசன் இழந்த நிலத்துக்கு ஈடு யாது என்பது உரையிலே கணக்காகப் பதிந்துள்ளது. அந்நிலத்தின்மேல் மனைகட்டி வாழ்ந்த குடி தன் மனைக்கு ஈடு பெற்றதா, பெற்றதாயின் யாரிடம் எவ்வாறு பெற்றது என்பன பற்றி உரை ஒன்றும் கூறவில்லை.

நம் காலத்துக் கடல்கோளுக்கு இக்குறை இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சோழமண்டலக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000க்கு மேற்பட்டோர் அந்நாளைய நாகப்பட்டின மாவட்டத்தினர். அதன்பின் எழுந்த அரசாணைகளும், சுற்றறிக்கைகளும், கணக்கெடுப்புப் பட்டியல்களும் ஒரு தனி நூலகத்தையே நிரப்பும் அளவின. குடியின் மனைக்கு ஈடு யாது என்னும் வினாவிற்கு அவற்றில் விடை உண்டு. ஆயினும் அவ்விடையைக் கையிற்பெறக் குடிமக்கள் பட்ட அலைச்சலும் மனக்கசப்பும் இன்னும் மறக்கப்படவில்லை. பணம் போதாமையால் இக்கசப்பு விளைந்தது என்று கூறுதற்கில்லை. பேரளவிற் பொருள் அக்கரைக்கு வந்தது. கசப்பின் வேரைப் பணக்கணக்கில் தேடுதலினும் நிலக்கணக்கில் தேடுதலே பொருந்தும் என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்குச் சில சொற்களின் வரலாற்றை முதற்கண் காணுதல் வேண்டும்.

‘நத்தம்’ என்பது ஊர்மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுக்கள், ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் கூறி, அதனின்று ஊர்நத்தம், குளம், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி முதலியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்தையே இறை செலுத்தும் நிலமாகக் காட்டும். இங்குக் கழிக்கப்பட்டவை உரியவர் அற்ற நிலங்கள் அல்ல என்பது நோக்கத்தக்கது. அவை வாழ்வுக்கும் சாவுக்கும் உரிய பொது நிலங்கள். அதனாலேயே அவற்றின்மேல் இறை விதிக்கப்படவில்லை. இறை விதியாமை உரிமை இன்மையைக் காட்டுவதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயத்துவாரி முறை வேரூன்றிய பின்னர் இந்நிலை மாறிற்று. தீர்வை விதிக்கப்பட்ட நிலத்திற்குப் பட்டா கிடைத்தது. தீர்வைக்குப் புறத்தே போக்கப்பட்ட நிலம் ‘புறம்போக்கு’ ஆயிற்று. சொல்லின் பொருள் ‘கணக்கின் புறத்தது’ என்ற அளவே. ஆனால் 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிறர்க்கு உரியதென நிறுவப்படாத நிலமெல்லாம் அரசுக்கு உரியது என விதித்தது. அன்று முதல், பாட்டன் காலத்திலிருந்து கடற்கரை மணல்மேட்டில் கூரையிட்டு வாழ்ந்தவன், தன் வீட்டிலேயே ஆக்கிரமிப்பாளன் ஆனான். தண்டத்தீர்வை கோரும் ‘பி மெமோ’ என்னும் தாள் பல குடும்பங்களில் மிகுந்த கவனத்தோடு பாதுகாக்கப்படுவதைக் கடற்கரை ஊர்களுக்குச் சென்றவர் அறிவர். குற்றம் சாட்டி வந்த தாளே, அவ்விடத்தில் வாழ்ந்தமைக்கு உள்ள ஒரே சான்று என்பதனால் அது போற்றப்படுகின்றது. இதனினும் விந்தையான ஆவணம் வேறொன்று உண்டோ என்பது ஐயம்.

துயர்துடைப்பு முறைக்கும் இதுபோன்ற ஒரு பழைய வேர் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, மைய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், உதவி நாடுவோரின் வறுமை மெய்யா பொய்யா என்று அறிதற்குத் ‘தொலைவுச் சோதனை’ என ஒன்றைப் புகுத்தினார். ஊருக்கு அருகே உதவி கிடைத்தால் தகுதி அற்றவரும் வருவர். தொலைவில் வைத்தால் மெய்யாகவே வாடுபவர் மட்டுமே வருவர் என்பது அதன் கருத்து. கூலியையும் அவர் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். உதவி பெறுவோன் முதலில் ஐயுறத்தக்கவன் என்னும் மனப்பாங்கு, 1883ஆம் ஆண்டில் தோன்றிய பஞ்ச விதித்தொகுப்பின் வழியாக வருவாய்த்துறை மரபில் நிலைத்தது. பஞ்சம் ஒழிந்தபின்னும் அம்மனப்பாங்கு ஒழியவில்லை.

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. மீன்வளம் அங்கே இருந்தமையால் மீனவர் திரும்பினர். கீற்றுக் கொட்டகைகளில் பல பதிற்றாண்டுகள் வாழ்ந்தனர். தகுதியற்ற இடத்தில் வாழ்வோருக்கு மின்விளக்கும் குடிநீர்க் குழாயும் வருதற்கு வழி இல்லை. ஓர் அறிவிப்பு ஊரை அப்புறப்படுத்தாமலேயே ஊரைக் கணக்கினின்று நீக்கிவிட்டது.

இனி 200 மீட்டர்ச் செய்தியைக் காண்போம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய மைய அரசின் முதல் அறிவிக்கை 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் வெளியாயிற்று. அது விடுதிகளும் ஆலைகளும் கரையை விழுங்காமற் காக்கும் நோக்கினது. மூன்றாம் வகைக் கரையாகிய ஊர்ப்புறக் கரைகளில், உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையுள்ள பகுதியில் புதிய கட்டடம் கூடாது என அது விதித்தது. முன்னரே உள்ள, ஒப்புதல் பெற்ற கட்டடங்களைப் பழுதுபார்த்தல் மட்டும் விலக்காயிற்று. 200 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் மீனவர் குடியிருப்புப் போன்ற மரபுவழி உரிமைகளுக்கு இடம் தரப்பட்டது. ‘ஒப்புதல் பெற்ற’ என்னும் அடைமொழியை ஊன்றி நோக்குதல் வேண்டும். புறம்போக்கில் நிற்கும் வீடு ஒப்புதல் பெற்ற வீடு என்று யார் சான்றளிப்பார்? 1905ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கிரமிப்பு என்றதை 1991ஆம் ஆண்டு அறிவிக்கை ஒப்புதல் அற்றது என்று மொழிபெயர்த்துக் கொண்டது. பேரலை வருமுன் பதின்மூன்று ஆண்டுகள் இவ்விதி மீனவர் ஊர்களைப் பெரும்பாலும் தொடாமல் ஏட்டளவிலேயே இருந்தது.

பேரலை அதனை ஏட்டினின்று எழுப்பிற்று. 2005ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் தமிழ்நாடு அரசின் வருவாய்த்துறை வெளியிட்ட 172ஆம் எண் அரசாணையே இவ்வரலாற்றின் நடுநாயகம். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் முழுவதும் அழிந்த அல்லது ஒரு பகுதி சிதைந்த வீட்டின் உரிமையாளர், அவ்வெல்லைக்கு அப்பாற் செல்ல இசைந்தால், ரூ. 1,50,000 மதிப்புள்ள புதிய வீடு விலையின்றிப் பெறுவர். இசையாதவர் தாம் இருந்த இடத்திலேயே தம் செலவில் பழுதுபார்த்துக் கொள்ளலாம். ஆனால் அரசின் உதவி எதுவும் அவர்க்கு இல்லை. புதிய வீடு பெறுவோர் பழைய மனையை அரசுக்கு ஆவணம் எழுதி விட்டுக்கொடுத்தல் வேண்டும். புதிய மனை கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்படும். கடைசியாகக் கூறிய விதி பாராட்டுக்கு உரியது என்பதையும் ஈண்டே கூறிவிடுகின்றோம். கடற்கரைப் பெண்டிர்க்கு மனையுரிமை எழுத்தில் வந்தது பல ஊர்களில் அதுவே முதன்முறை.

அரசாணை இதனை ‘விருப்பம்’ என்றது. விருப்பம் என்பது இருவழியுள் ஒன்றைத் தேர்தல். ஒரு வழியில் வீடும் மறுவழியில் வெறுங்கையும் வைத்து, அலையில் எல்லாம் இழந்து மூன்று திங்களே ஆனவனை நோக்கி, ‘உன் விருப்பம் யாது?’ என்று வினவுவது அச்சொல்லுக்குச் செய்யும் நீதி ஆகாது. அரசின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று யாம் கூறவில்லை. மீண்டும் அலை வரின் உயிர்ச்சேதம் குறைதல் வேண்டும் என்பது பொய்யான கவலை அன்று. முதற்சில வாரங்களில் பிணங்களை அடக்கம் செய்தலிலும், நோய் பரவாமற் காத்தலிலும், உணவளித்தலிலும் மாவட்ட அலுவலர் காட்டிய விரைவும் உழைப்பும் பலராலும் பாராட்டப்பெற்றவை. பிழை வேறிடத்தில் உள்ளது. கரையைக் காப்பதற்கு எழுந்த ஒரு சூழல்விதியும், குடியைக் காப்பதற்கு எழுந்த ஓர் உதவியும் ஒரே தாளில் பிணைக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டு அறிவிக்கை பழைய வீட்டைப் பழுதுபார்க்க ஓரளவேனும் இடந்தந்தது. 172ஆம் ஆணையோ பழுதுபார்ப்பவனுக்குப் பணமில்லை என்றது. விதி தடுக்காததை உதவி தடுத்தது. தொலைவு இங்கும் ஒரு சோதனை ஆயிற்று. டெம்பிளின் சோதனை கூலிக்கு நெடுந்தூரம் நடக்கச் சொன்னது. இது வீட்டுக்காகக் கடலை விட்டுப் போகச் சொன்னது.

200 மீட்டர் என்பது அப்படி என்ன தொலைவு என்று நகரவாசிகள் வினவக்கூடும். நெய்தல் நிலத்து மனையின் இயல்பை அறியாமையால் எழும் வினா இது. பட்டினப்பாலை பரதவர் குடியிருப்பை வருணிக்குமிடத்துத் தாழ்ந்த கூரையையும், அதன்மேற் சார்த்திய நெடிய தூண்டிலையும், வலை உலரும் மணல் முற்றத்தையும் ஒருங்கே கூறுகின்றது. அம்முற்றம் வீட்டின் அழகுக்காக அமைந்த வெளி அன்று. வலை உலர்த்தவும், கிழிந்த கண்ணி பொத்தவும், கருவாடு காயவைக்கவும் உரிய தொழிற்களம் அது. விடியுமுன் வாசலில் நின்று கடலின் நிறமும் காற்றின் திசையும் பார்த்தே அன்றைய பாடு உறுதி செய்யப்படும். வாடையா, சோழகமா, கச்சானா என்பது வீட்டு வாசலில் தெரிதல் வேண்டும். படகு திரும்பும் பொழுதை நோக்கியே பெண்டிர் கூடையோடு கரைக்கு வருவர். ஏலம் முடிந்தபின் வருபவர்க்கு மீன் இல்லை. படகும் எந்திரமும் இரவிற் கண்பார்வையில் இருத்தல் வேண்டும். வீடு 500 மீட்டரோ ஒரு கிலோமீட்டரோ உள்ளே தள்ளப்படின் இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவாக மாறும். வண்டிச் செலவு, காவற்செலவு, தவறிய ஏலத்தின் இழப்பு ஆகிய இவை அரசாணையின் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை. ஆணை வீட்டைக் கூரையும் சுவரும் என்று எண்ணிற்று. முற்றத்தைக் கணக்கில் எடுத்திலது. கட்டித்தரப்பட்டவை ஏறத்தாழ 325 சதுர அடிப் பரப்புள்ள கற்காரை வீடுகள். அவற்றின் முன்னே வலை விரிக்கத் தக்க மணல் பெரும்பாலும் இல்லை.

வீடு வரும்வரை மக்கள் எங்கிருந்தனர் என்பதும் எழுதப்பட வேண்டிய செய்தியே. 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தார்த்தகடு வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுந்தன. சில திங்களுக்கென அமைத்த அவற்றிற் பலர் இரண்டாண்டும் அதற்கு மேலும் தங்கினர். சித்திரை வெயிலில் தார் இளகும் வெப்பத்தைத் தாங்காது கூரைமேல் கீற்றுப் பரப்பினர். அவ்வாண்டு ஐப்பசி கார்த்திகையில் பெய்த பெருமழையில், தாழ்ந்த நிலத்தில் இட்ட கொட்டகைகளுக்குள் நீர் புகுந்தது. நிலம் தேடுதல், தேடிய நிலத்திற்கு விலை பேசுதல், பேசிய நிலத்தைக் கையகப்படுத்துதல், அதனை நிரப்பி மேடாக்குதல், தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதுதல், பெறுவோர் பட்டியலுக்கு ஒப்புதல் வாங்குதல் எனக் கோப்பு மேசைதோறும் நகர்ந்த காலம் இது. 200 மீட்டருக்கு அப்பால் புதிய நிலம் வேண்டும் என்ற ஒரு விதியே இவ்வலைச்சலிற் பெரும்பகுதிக்குக் காரணம். இருந்த மனையிலேயே கட்டுவதாயின் நிலந்தேடும் வேலை இல்லை.

பட்டியலில் எழுந்த வழக்குக்கள் தனி ஆராய்ச்சிக்கு உரியன. வீட்டுக்கு வீடா, குடும்பத்துக்கு வீடா என்னும் வினா ஊர்தோறும் எழுந்தது. ஒரே கூரையின்கீழ் தாய்தந்தையரும் மணமான மக்கள் இருவரும் உலை வேறாக வாழ்ந்த வீட்டை ஒரு வீடு என்பதா, மூன்று குடும்பம் என்பதா? குடும்ப அட்டை ஒன்று சொல்லும். ஊர்வழக்கம் வேறொன்று சொல்லும். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் கொடுத்த பட்டியலே பல இடங்களில் அடிப்படையாயிற்று. அவ்வமைப்பின் ஒழுங்கு பெரிது எனினும், அதன் வரியில் சேராத ஒடுக்கப்பட்ட மக்கள், இருளர், தனித்து வாழும் பெண்டிர் ஆகியோர் பட்டியலின் விளிம்பிலும் வெளியிலும் நின்றனர். கடலில் படகின்றிக் கரையில் கூலிசெய்து வாழ்ந்தவன் ‘கடலால் பாதிக்கப்பட்டவன்’ என்று மெய்ப்பிக்க வேண்டியவனானான். மற்றொன்றையும் சொல்லுதல் தமிழாசிரியர் கடமை. இவ்வாவணங்களில் வீட்டுக்கு உரியவன் ‘பயனாளி’ எனப்படுகின்றான். தன் மனையைக் கொடுத்து மாற்றுமனை பெறுபவன் கொடுப்பவனும் ஆவான். பயனாளி என்ற சொல் அவன் கொடுத்ததை மறைத்து, பெற்றதை மட்டும் காட்டுகின்றது.

கட்டும் பணி தொண்டு நிறுவனங்களிடமும் அவற்றின் ஒப்பந்தக்காரரிடமும் சென்றமையால் நேர்ந்த இழப்பு வேறு வகையினது. சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வறிஞர் ஜெனிபர் டுய்ன் பாரன்ஸ்டைன் நாகைக் கரை ஊர்களில் நிகழ்த்திய ஆய்வுகள், அலையில் சிதையாது நின்ற பழைய வீடுகளும் புதிய குடியிருப்புக்கு இடம்வேண்டி இடிக்கப்பட்டதையும், நிழல்தரு மரங்கள் வெட்டப்பட்டதையும் எடுத்துக்காட்டின. அலை விட்டதை உதவி எடுத்தது. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உரியவரை வைத்துக்கொண்டு அவரவர் விருப்பறிந்து வீடு அமைக்க முயன்றது. அத்தகைய முயற்சிகள் சிலவே. குசராத்தில் 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தின் பின், ஊர் பெயர்க்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்தமையால், பெரும்பாலோர் தம் மனையிலேயே வீடு கட்டிக்கொள்ளத் தவணைமுறையிற் பணம் பெற்றனர். அங்கும் பொறியாளர் சான்றும் காத்திருப்பும் இருந்தன. ஆனால் சுவர் எங்கே எழ வேண்டும் என்பதை உரியவன் முடிவுசெய்தான். நான்கே ஆண்டுகட்கு முன் இந்நாட்டிலேயே பெற்ற இப்பட்டறிவு சோழமண்டலக் கரைக்கு வந்து சேராதது வியப்பே. சென்னையில் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. பட்டினப்பாக்கம் முதலிய கரைகளின் மக்கள் பலர் நகருக்குத் தெற்கே நெடுந்தொலைவில் உள்ள செம்மஞ்சேரிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டனர். ஆங்குக் கடல் கண்ணுக்கெட்டாத் தொலைவினது.

அதே அலை மோதிய ஈழத்துக் கரையிலும் ஒரு கோடு வரையப்பட்டது. இலங்கை அரசு 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் எனக் கட்டடத்தடை வலயம் அறிவித்தது. தமிழரும் முசுலிம்களும் மிகுதியாக வாழும் கரைக்கு இருமடங்கு தொலைவு ஏன் என்னும் வினா உடன் எழுந்தது. சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் நெகிழ்வு காட்டப்படுகின்றது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் பின்னே வயல், முன்னே கடல். பெயர்ந்து செல்ல நிலமில்லை. வலயத்துக்கு வெளியே வீடு இழந்தோர் ரூ. 2,50,000 பெற்றுத் தாமே கட்டத் தொடங்கினர். உள்ளே இழந்தோர் நிலத்தையும் கொடையாளரையும் எதிர்நோக்கிக் கொட்டகையில் இருந்தனர். ஓராண்டுக்குள் அவ்வலயம் தளர்த்தப்பட்டு, கடற்கரைப் பாதுகாப்புத் திட்டம் முன்னரே வகுத்திருந்த, இடத்துக்கு இடம் வேறுபடும் குறைந்த தொலைவுகளுக்கு மீண்டது. அந்த ஓராண்டு காத்திருந்தவர்க்கு விடை கூறுவார் இலர்.

தமிழ்நாட்டுக் கோடும் நிலைத்து நிற்கவில்லை. 2011ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வெளியான புதிய கடற்கரை அறிவிக்கை, மரபுவழிக் கடலோர மக்கள் 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே வீடு கட்டவும் புதுக்கவும் வழிவகுத்தது. 2019ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் அறிவிக்கையோ, 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைகளில் கட்டடத்தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. கரையோரத்தில் தற்காலிகச் சுற்றுலா அமைப்புக்களுக்கும் அது இடந்தந்தது. 2005ஆம் ஆண்டின் ஆணைக்கு இணங்கித் தம் மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்தவர்கள், அம்மனையை மீளப் பெறுதல் பற்றி இவ்விரண்டு அறிவிக்கைகளிலும் ஒரு சொல்லும் இல்லை.